சத்தமே போடாத விசிறி

மனிதரில் வாங்குகிறவர் உண்டு, விற்கிறவர் உண்டு. இரண்டிலும் சேராமல், எது நல்லது, எது அதைவிட நல்லது என்று ஆராய்ந்தே ஆயுளைக் கழிக்கிற மூன்றாவது இனமும் ஒன்று உண்டு. இவர்கள் குடை வாங்கப் புறப்பட்டால் மழைக்காலம் முடிந்துதான் திரும்புவார்கள். கையில் குடை இருக்காது. ஆனால் குடையைப் பற்றித் தெரியாத விஷயமும் இருக்காது.

அந்த இனத்தின் தலைமகனைத்தான் இப்போது பார்க்கப்போகிறீர்கள். அலுவலகத்தில் கணினிப் பிரிவில் வேலை. மதியம் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால்கூட நாலு கடையை வரிசையாக எழுதிக் கட்டம் போட்டுக் காட்டுவார். அதற்குள் நாலு கடையும் மூடியிருக்கும். அதனால் அவருக்கு அட்டவணையார் என்று பெயர்.

அவருடைய அக்கா தையல் டீச்சர். இணையத்தில் நானூறு வீடியோ பாடம், அறுநூறு மாணவிகள். பாடங்களைத் தன் கணினிகளில் வாடகைக்கு வைத்திருந்த நிறுவனம், ஆறு மாதத்தில் கடையைக் கட்டப்போவதாகக் கடிதம் போட்டது. வேறோர் இடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தால் ஒரு பிற்பகலில் முடிகிற காரியம். ஆனால் தம்பி என்று ஒருவன் இருக்கிறானே!

“வாடகை எதுக்குக்கா? நானே ஒரு சர்வர் கட்டித் தர்றேன். டேட்டா சென்டர்ல அதை வைக்க இடம் மட்டும் பிடிச்சாப் போதும்.”

“உனக்கு நேரம் இருக்காடா?”

“பாகங்களை வாங்கி மாட்டுறதுதானே. ஒரே வாரம்.”

அந்த ஒரு வாரம் ஐந்தரை மாதம் நீடித்தது. மதர்போர்டைத் தேர்ந்தெடுத்தால் அதற்கேற்ற பிராசஸர் பழசாகத் தெரிந்தது. பிராசஸரை மாற்றினால் மதர்போர்டு ஒத்துவரவில்லை. இரண்டும் ஒத்துவந்த சுபதினத்தில் “அடுத்த மாசம் புதுசு வருதாம்” என்று யாரோ சொல்லித் தொலைக்க, மறுபடி முதலிலிருந்து. ஒரு ஹார்ட் டிஸ்க்கை ஆயிரம் பேர் புகழ்ந்திருந்தார்கள். ஒரே ஒருவர் திட்டியிருந்தார். அந்த ஒருவரை நினைத்து நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அட்டவணை நாற்பத்து மூன்று பத்தி அகலத்துக்கு வளர்ந்தது.

இத்தனையிலும் அவர் உயிரைக் கொடுத்துத் தேடியது பிராசஸரைக் குளிர்விக்கும் விசிறியைத்தான். கடைசியில் கிடைத்தது ஒன்று. இலை விழுகிற சத்தம்கூடப் போடாத உத்தமமான விசிறி. எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒரு தட்டையான பெட்டிக்குள் மாட்டி, பாடங்களை ஏற்றி, ஓட்டியும் பார்த்தார். அருமை! பெட்டியின் மூடியை மட்டும் உறையிலிருந்து பிரிக்கவில்லை. கீறல் விழுந்துவிடுமாம்.

கெடுவின் கடைசி நாள். மாலை ஆறு மணிக்குப் பழைய இடத்தை மூடுகிறார்கள். ஆறரைக்குச் சட்டைக் காலர் பாடம். மூன்று மணிக்கு அக்காவும் தம்பியும் பெட்டியைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு டேட்டா சென்டருக்குள் நுழைந்தார்கள். உள்ளே எலும்பைத் துளைக்கிற குளிர். ஆளுயர இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகச் சர்வர்கள், அத்தனையும் ஒரே நேரத்தில் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. ஸ்வெட்டர் போட்ட பெண் பொறியாளர் ஒருவர் வந்தார். பேசினால் கேட்காது, கத்தினார்.

“மூடியப் போடுங்க சார், உள்ள தள்ளிடலாம்!”

அட்டவணையார் மூடியை உறையிலிருந்து பிரித்து வைத்தார். மூடி உட்காரவில்லை. அழுத்தினார். பெட்டியைவிட ஒரு விரல் உயரமாக நின்றது விசிறி. நிறத்துக்குக்கூடப் பத்தி போட்டிருந்த மனிதர், உயரத்துக்குப் போட மறந்திருந்தார்.

“எதுக்கு சார் இவ்வளவு பெரிய விசிறி?”

“இது... சத்தமே போடாது.”

பொறியாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். “இங்க யாரு சார் தூங்கப்போறா?”

அந்தக் குளிரிலும் அட்டவணையாரின் காது இரண்டும் கொதித்தன. அக்கா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பொறியாளர் ஓர் அட்டைப்பெட்டியைத் துழாவி, பழைய சர்வரில் கழற்றிய தட்டையான விசிறி ஒன்றை எடுத்துப் பிராசஸரின் மேல் வைத்துப் பார்த்தார். “இது பொருந்தும்.”

“என்ன கம்பெனி? எத்தனை வருஷம் ஓடியிருக்கும்? அதுக்கு வேற ஏதாவது...”

“டேய்!” அந்த இரைச்சலையும் மீறிக் கேட்டது அக்காவின் குரல். “நீ போடும்மா.”

அட்டவணையார் வாழ்க்கையில் முதல்முறையாக ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு காரியத்துக்கு உடன்பட்டார். அவரே திருகாணிகளை முடுக்கினார். மூடி ‘டக்’கென்று உட்கார்ந்தது. பழைய விசிறி ஓலமிட, பெட்டி அலமாரிக்குள் போயிற்று. ஐந்தேகாலுக்கு அக்காவின் போனில் முதல் பாடம் திறந்தது.

“ஓடுதுடா!” அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பாராட்டா, அடியா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஆனால் கண் கலங்கியது. குளிர் என்று சொல்லிச் சமாளித்தார்.

“ஐயோ பாவம், இப்படியும் ஒரு பைத்தியமா!” என்கிறீர்கள். சரி. போன வருஷமே மாற்ற வேண்டும் என்றீர்களே, அந்த மெத்தை என்ன ஆயிற்று? சும்மா பார்த்து வைப்போம் என்று போனில் திறந்து வைத்த பொருள்கள் எத்தனை? அதெல்லாம் போகட்டும். இந்தக் கட்டுரையையே, இதைவிட நல்லதாக ஒன்று கிடைக்காதா என்று நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தானே படிக்க ஆரம்பித்தீர்கள்?