குலுங்காத வண்டியும் வராத சம்பந்தியும்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் வலது முட்டியைத் தவிர அனைவரும் நலம். அங்கே தங்கள் முதுகு உட்பட அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். தங்கள் மகள், அதாவது என் மருமகள், நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னை நன்றாகத் திட்டுகிறாள், ஒரு குறையும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தி, எங்கள் ஜீப் வண்டி குலுங்கவில்லை! மாதம் தவறாமல் கேரம் ஆட எங்கள் மேட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தீர்கள். போன தடவை பாதி மேட்டில் சக்கரத்தைச் சுற்ற வைக்கிற டிரைவ் ஷாஃப்ட்டில் மூட்டு மாதிரி இருக்கிற கிராஸ் உடைந்து வண்டி நின்று, நாம் இருவரும் மத்தியானம் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்தோமே, அதற்குப் பிறகு முதுகு வலி என்று சொல்லி வருவதையே நிறுத்திவிட்டீர்கள். எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? கேரம் போர்டின் இரண்டு பக்கமும் நானே மாறி மாறி உட்கார்ந்து ஆடுகிறேன். அதிலும் தோற்கிறேன். எல்லாம் இந்த வண்டியால் வந்த வினை. பாறை அடிவயிற்றில் இடிக்கிறதென்று வண்டியை ஒரு ஜாண் உயர்த்தினேன் அல்லவா, அன்றிலிருந்து அந்த ஷாஃப்ட் ஒரேயடியாகச் சாய்ந்துபோய் உதறு உதறென்று உதறிக்கொண்டிருந்தது. அளவு கொடுத்தால், உயர்த்திய வண்டிக்கென்றே தனி ஷாஃப்ட் வெளிப் பட்டறையில் செய்து தருகிறார்களாம். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று போட்டு, சம்பந்தியை மறுபடி மேலே கொண்டுவந்தே தீருவது என்று இறங்கிவிட்டேன்.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அது அவரிடம் கிடையவே கிடையாது. அவர் வருவதற்குள் அளவெடுத்துவிடலாம் என்று ஜாக்கி போட்டு, சக்கரமெல்லாம் அந்தரத்தில் தொங்க, நானே அடியில் படுத்தேன். வேலை பார்த்த காலமெல்லாம் பஸ்ஸுக்குள் நின்று டிக்கெட் கிழித்தவன், ஒரு வண்டிக்கு அடியில் போனது அன்றுதான். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரி, "ஏங்க, சக்கரம் தொங்குதே, இப்ப அளந்தா சரியா வருமா?" என்றாள். "வண்டியப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன். ஷாஃப்ட் வந்தது. மாட்டினோம். கச்சிதம்! ஜாக்கியை இறக்கினால், பாரத்தில் சக்கரம் மேலேறி, ஷாஃப்ட் இடம் போதாமல் முட்டிக்கொண்டு 'ணங்' என்றது பாருங்கள், எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவசரம் நிதானமாக டீயைக் குடித்து முடித்து, "தரையில நிக்கிறப்பல்ல சார் அளக்கணும்" என்றார். வீட்டுக்காரி சிரித்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சரி, இரண்டையும் கழற்றி நீளம் குறைக்க அனுப்பியாயிற்று. வண்டி சும்மா நின்றது. "ஹேண்ட் பிரேக் போட்டீங்களா மாமா?" என்று தங்கள் மகள் கேட்டாள். "கியர்ல போட்டிருக்கேன்மா, எங்க போயிடப் போகுது?" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். ஷாஃப்ட் இல்லாத வண்டியில் கியருக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? சோப்பு நுரையோடு வெளியே வந்து பார்த்தால், அது பாட்டுக்கு இறங்கிப் போய், கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் கொடியை அறுத்து, பாவாடை, போர்வை எல்லாவற்றையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவர்கள் மணல் குவியலில் மூக்கை வைத்து நிற்கிறது! அந்தம்மா ஓடி வந்து, "யாரு ஓட்டிட்டு வந்தது?" என்றார். "யாரும் ஓட்டலம்மா." "அதான் இவ்வளவு ஒழுங்கா வந்து நின்னுருக்கு" என்றார். இந்த ஊரில் எல்லோருக்கும் வாய் நீளம் சம்பந்தி.

ஆனால் நேற்று! நேற்று ஷாஃப்ட்டுகள் சரியான அளவில் வந்தன, அவசரம் மாட்டினார், நான் ஸ்டியரிங் பிடித்தேன், வீட்டுக்காரி விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். பாறை, பள்ளம், அந்தக் கடைசி வளைவு, எல்லாம் ஏறினோம். ஒரு சொட்டு சிந்தவில்லை! மேலே வந்ததும் அவளே அதைக் குடித்துக் காட்டினாள். நான் ஹாரனை அமுக்கி ஊரையே கூட்டிவிட்டேன். வண்டிச் சத்தமா? உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும்! வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ் நிற்கிற இடத்தில் காத்திருப்பேன், வந்துவிடுங்கள். அன்று பாதி மேட்டில் உட்கார்ந்திருந்தபோது, வேலைக் காலத்தில் டிப்போ மேனேஜரோடு நான் போட்ட சண்டையை இரண்டு பாகம்தானே சொன்னேன்? மூன்றாம் பாகம்தான் உயிர்நாடி. இனி ஒரு சொல்கூடச் சத்தத்தில் வீணாகாது, அடிவாரத்திலிருந்து வாசல்வரை சொல்லிக்கொண்டே வருவேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். வீட்டிலுள்ள சின்னவர்களெல்லாம் நோய் நொடியின்றி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கேரம் போர்டில் பவுடர் தூவிக் காத்திருக்கும்
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் இதை மருமகளுக்குப் படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, அப்பாவுக்கு முதுகு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வண்டி உதறுற சத்தத்துல நீங்க பேசறது பாதி கேக்காதாம், அந்தத் தைரியத்துலதான் மாசாமாசம் வந்தாரு. அன்னிக்கு வண்டி நின்னுச்சு, சத்தம் நின்னுச்சு, நீங்க மட்டும் நிக்கல" என்றாள். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. வீட்டுக்காரி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பழைய ஷாஃப்ட்டுகளை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை சம்பந்தி. அவசரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டேன், புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டப் போகிறோம். முன்புபோலவே எலும்பு கழலக் குலுங்கும், தைரியமாக வாருங்கள். கிராஸ் மட்டும் புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன், நடுவழியில் நின்றுவிடக் கூடாது பாருங்கள்.