ஒளிரக் கூடாத செல்கள்

இருட்டாக இருக்க வேண்டிய செல்கள் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்துகொண்டிருந்தன.

ஆராய்ச்சியாளருக்கு மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும் மெல்லிய ஒளி வளையம். செல்லின் சவ்வில் இருக்கும் ஒரு ரிசப்டர் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு பச்சையாய் ஒளிரும் ஆன்டிபாடி அது; பல வருஷம் பாடுபட்டு அவளே உருவாக்கியது. ஆயிரக்கணக்கான புரதங்கள் நெருக்கியடிக்கும் கூட்டத்தில் தன் ஆளை அது எப்படித்தான் கண்டுபிடிக்கிறதோ! நினைத்தால் இன்றும் அவளுக்குப் புல்லரிக்கும்.

ஆனால் ஒளிர்ந்தவை சிவப்பு மூடி போட்டு வந்த, ரிசப்டரை நீக்கிய செல்கள். ரிசப்டர் உள்ளவையோ கும்மிருட்டு.

"கண்ணு கூசுது. என்ன அழகும்மா!" என்றார் பேராசிரியர். "ஆனா அத்தனையும் பொய்."

"நல்லாக் கழுவிப் பாக்கறேன் சார். சும்மா எங்கயாவது ஒட்டியிருக்கும்."

கழுவினாள். அழுக்குப் பச்சையெல்லாம் போய், வளையங்கள் முன்னைவிடப் பளிச்சென்று நின்றன. ஆன்டிபாடியின் அளவைக் குறைத்தாள். வளையங்கள் இன்னும் கூர்மையாயின. பக்கத்து லேப்காரர்கள் எட்டிப் பார்த்து, "அடேயப்பா!" என்று வாயைப் பிளந்தார்கள்.

"பாராட்டாதீங்க, இது ஒளிரவே கூடாது!" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

கணவன் போன் செய்தான். "என்ன, அழுவுறியா?"

"தப்பான இடத்துல ரொம்ப அழகா வருது."

"உன் தம்பி ஆஸ்பத்திரியில பாடினானே, அந்த மாதிரியா?"

போனை வைத்துவிட்டாள்.

பேராசிரியர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "ஆள் மாத்திப் பிடிக்கற ஆன்டிபாடியை எப்படிம்மா நம்பறது? கொட்டிடு. மொதல்லேருந்து ஆரம்பிப்போம்."

குளிர்பெட்டியிலிருந்து எல்லாக் குப்பிகளையும் எடுத்து வந்தாள். ப்ளீச் ஊற்றிய பீக்கர் தயாராக இருந்தது. முதல் குப்பியைத் திறந்தாள். "உன்னைப் போயி நம்பினேனே," என்று அதைப் பார்த்துச் சொன்னாள். அப்போதும் அந்த வளையங்கள்தான் கண்ணுக்குள் நின்றன. அவ்வளவு அழகான ஒன்று எப்படிப் பொய் சொல்லும்?

குப்பியைச் சாய்க்கப் போனபோது, செல் வளர்க்கும் அறையில் புதிதாகச் சேர்ந்தவள் தட்டுடன் உள்ளே வந்தாள்.

"அக்கா, போன தடவை மாதிரியே ரிசப்டர் இருக்கற செல்லுக்குத்தான் சிவப்பு மூடி போட்டிருக்கேன். இங்க எல்லாரும் அதைப் போயி ‘நீக்கினது’ன்னு சொல்றாங்களே, ஏன்க்கா?"