பெரிய குழாய்

எனக்கு மெதுவாகப் பேச வராது. மலைமேல் சோளக்காடு சந்தையில் மிளகு விற்கிறவனுக்கு அது குறையில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டியவனுக்குக் குறைதான். மகள் செல்விக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் என் வாயால் போயின. (ஒருவன் எங்கள் தோட்டத்துக் காப்பியைக் கழுநீர் என்றான். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.)

மூன்றாவது இடம் எங்கள் மலையிலேயே தேவனூர் நாட்டுப் பக்கம். பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. "இந்த ஒரு தடவை பேசாம இருங்கப்பா" என்று கெஞ்சினாள். சரி என்றேன். நானே நம்பவில்லை.

அவர்கள் வருவதற்குச் சில நாள் முன்பு எனக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டரம்மா வந்து, மூச்சுக்காகத் தொண்டைக்குள் குழாய் விடுவோம் என்றார்.

"ரெண்டு அளவுல எது போட்டாலும் உங்களுக்கு ஆகும். சின்னது போட்டா அப்புறம் தொண்டை வலி கம்மியா இருக்கும்."

தலையாட்டியிருக்கலாம். ஆனால் நான் ஊற்றுத் தண்ணீருக்கு ஒல்லிக் குழாய் போட்டு, இலை அடைத்து, மிளகுக் கொடியைக் காயவிட்டவன்.

"ஏனுங்க, மலைக்காரன்னா சின்னதைத் தள்ளி உட்டுருவீங்களா? பெருசே போடுங்க. அடைச்சுக்கிட்டா யாரு பொறுப்பு?"

"அடைக்காதுங்க."

"எங்களுக்குக் குழாய் வித்தவனும் அதையேதான் சொன்னான்."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "பெருசும் தப்பில்லீங்க. வலிச்சா என்னைத் திட்டாதீங்க."

கண் விழித்ததும் திட்டத்தான் பார்த்தேன். பலாப்பழத்தை முள்ளோடு விழுங்கியது போல் வலி. குரலுக்குப் பதில் காற்றுதான் வந்தது. சில நாளில் சரியாகும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். பையனின் மாமன் ஒரு வாய் குடித்துவிட்டு, "காப்பி தண்ணியா இருக்குதுங்களே" என்றார். எனக்கு ரத்தம் ஏறியது. எழுந்தேன். கையை நீட்டினேன். வாயைத் திறந்தேன். "ஸ்ஸ்" என்றது.

என் மனைவி உடனே, "வேற காப்பி போடச் சொல்றாருங்க" என்றாள்.

பையனின் அம்மா உருகிவிட்டார். "ஒடம்பு முடியாதப்பக்கூட எந்திரிச்சு நின்னு கவனிக்கறாரு. எத்தனை சாந்தமான மனுசன்."

அன்றே நிச்சயமானது.

கல்யாணப் பந்தலில் பந்தி பரிமாறியவனை நான் ஒரு சத்தம் போட்டேன். நாதஸ்வரம் நின்றது. தாலியைக் கையில் வைத்திருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இன்றைக்கும் நான் வீட்டில் குரலை உயர்த்தினால் அவர் ஆரம்பித்துவிடுவார். "ஏனுங்க மாமா, டாக்டரம்மா பேச்சைக் கேட்டுச் சின்னக் குழாய் போட்டிருந்தா அன்னிக்கே நான் தப்பிச்சிருப்பேனே."

முதலில் சிரிப்பவள் செல்விதான். நான் இன்னும் பலமாகக் கத்துவேன். அந்தச் சிரிப்பில் ஒருவருக்கும் கேட்பதில்லை.