பரிவட்டத்துக்கு ஒரு வம்சம்

இந்த ஆடித் திருவிழாவில் பரிவட்டம் என் தலையில்தான் ஏறும். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த மறுநாளே இப்படி ஒரு சபதம் எடுத்துக்கொண்டேன்.

காபி கொடுக்கும்போது என் மனைவி பாஞ்சாலி கேட்ட கேள்வி அப்படி. "உங்க வம்சத்துக்குப் பரிவட்டம் கட்ற யோக்கியதை கீதா?"

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் முதல் மரியாதை அவள் தம்பி புருஷோத்தமனுக்கு. அவன் தலையில் பட்டைக் கட்டி, மாலை போட்டு, மேளத்தோடு அழைத்துப் போவார்கள். நான் அவன் செருப்புக்குப் பக்கத்தில் நிற்பேன். சொந்த ஊரிலேயே பெண் எடுத்தவன் கதி இது. ஐம்பதைத் தாண்டியவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள மாட்டானா? நான் யார்? எதற்குப் பிறந்தேன்? செருப்புக்குக் காவலிருக்கவா?

ஊர் வழக்கப்படி, மரியாதை வாங்கும் குடும்பத்தைவிடப் பழைய பாத்தியதை தனக்கு உண்டென்று ஒருவன் நிரூபித்தால் மரியாதை அவனுக்குப் போய்விடும். இதுவரை ஒருவனும் முயன்றதில்லை. ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

"ஏரி உடைஞ்சப்ப எங்க தாத்தாவோட தாத்தாதான் அடைச்சாராம். அப்பா சொல்லுவாரு" என்றேன்.

"உங்கப்பா இன்னா வேணா சொல்லுவாரு. புக்குல கீதா?"

"இருக்கும்."

"உங்க தாத்தா தலையில துணி கட்னதே பல்லு வலிக்குத்தான். எழும்பூர்ல பழைய ஆவணம்லாம் வெச்சிக்கிற ஆபீசாண்ட போய் அசிங்கப்படாதீங்க. காலையில எட்டரை பஸ்ஸுல போனாலும் வெறுங்கையோடதான் வருவீங்க."

போகாதே என்றால் போவேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு மிச்சமிருக்கும் ஒரே வீரம் அதுதான். மறுநாள் எட்டரை பஸ்ஸில் ஏறினேன். பையில் புளிச்சோறு இருந்தது. போகக் கூடாது என்பவள் எதற்குச் சோறு கட்டினாள்? அதையும் நான் யோசிக்கவில்லை. சோறு நன்றாக இருந்தது.

செங்கல்பட்டு ஜில்லாவைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகங்கள் ஒவ்வொன்றும் தலையணை கனம். என் பள்ளிக்கூட இங்கிலீஷுக்கு ஒரு பக்கம் தாண்டுவதற்குள் மதியம் ஆகிவிடும். கிணறு, புளியமரம், எருமை எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் எண்ணி வைத்திருக்கிறான். என் வம்சத்தை மட்டும் விட்டுவிட்டான். புத்தகம் போதாதென்று பழைய சர்க்கார் கடிதக் கட்டுகளைக் கேட்டு வாங்கினேன். தொட்டால் அப்பளம்போல் நொறுங்கும் காகிதம். தும்மலுக்குப் பயந்து மூக்கைப் பிடித்துக்கொண்டே படித்தேன்.

"இன்னா, மகாராஜா வெறுங்கையா?" என்பாள் பாஞ்சாலி. "வுட்டுடுங்க. அந்தத் துணி என் தம்பி தலைக்கு அளவெடுத்தது."

விடுவேனா? மறுநாளும் எட்டரை பஸ்.

கடைசியில் சிக்கியது. எங்கள் சேரப்பணஞ்சேரி பக்கம் ஏரி உடைந்தபோது கோதண்டம் என்பவன் ஆள் திரட்டி அடைத்தானாம்; கிராமத்தார் கோயிலில் அவனுக்கு முதல் மரியாதை செய்தார்களாம். என் பெயர் கோதண்டம். என் தாத்தா பெயரும் அதுவே. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற குடும்பம் எங்களுடையது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மேசையை ஓங்கித் தட்டினேன். அந்தக் கூடமே என்னை முறைத்தது.

நகலோடு ஊர்க்கூட்டத்தில் எழுந்தேன். மச்சான் மல்லுக்கு நிற்பான் என்று பதில்களைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன்.

"மாமா சொன்னா கரெக்டாதான் இருக்கும். நான் எறங்கிக்கிறேன்" என்றான்.

"டேய், நான் இன்னும் படிக்கவே இல்லடா!"

"எதுக்கு மாமா படிச்சிகினு? பாத்தாலே தெரீதே, ஏரிய அடைச்ச மூஞ்சி!"

ஊர் கைதட்டியது. திருவிழாவின் முதல் நாள் கையில் காப்பு ஏறியது, தலையில் பரிவட்டம் ஏறியது. செருப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மச்சானைக் காணவில்லை. மாலையோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"எங்கடி உன் தம்பி? தோத்த வெக்கமா?"

"செகண்ட் ஷிப்ட்டு போயிட்டான். கம்பெனி பஸ்ஸு இந்நேரம் ஒரகடம் தாண்டியிருக்கும்" என்றாள். "இந்த ஆடிக்கும் லீவு போட்டா வேலை பர்மனென்ட் ஆவாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டானாம். காப்பு கட்னா பத்து நாளைக்கு ஊர் எல்லை தாண்டக் கூடாதே, பாவம், அவன் இன்னா பண்ணுவான்? ஆத்தா குடுத்த மரியாதைய வேணாம்னும் சொல்ல முடியாது. பழைய வம்சம் ஒண்ணு வந்து கேட்டாதான் எறக்கி வெக்கலாம்."

நான் கையிலிருந்த காப்பைப் பார்த்தேன்.

"நீ போவாத போவாதன்னுதானடி சொன்ன?"

"போங்கன்னு சொல்லியிருந்தா போயிருப்பீங்களா? செருப்பு பீடி ரெண்டையும் இங்க வெச்சிடுங்க. ஒருவேளைச் சோறு, உப்பு கெடையாது."

"அடுத்த வருஷம்?"

"வம்சம்னா வருஷா வருஷந்தான். நீங்கதான புக்குல காட்னீங்க."

நான் அடங்கவில்லை. ஏரியை அடைத்த வம்சம் ஒரு முந்தானைக்கா அடங்கும்? இவள் வித்தையை இவள் ஊரிலேயே திருப்பிக் காட்டுகிறேன். மறுநாள் காலை வெறுங்காலோடு எதிர்வீட்டு மண்ணாங்கட்டியிடம் போனேன். பழைய குடும்பம், ரோஷக்காரன். குரலில் முடிந்தவரை ஏளனத்தைக் கூட்டிக் கேட்டேன்.

"ஏம்ப்பா, உங்க வம்சத்துக்குப் பரிவட்டம் கட்ற யோக்கியதை கீதா?"

எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே மண்ணாங்கட்டி சிரித்தான்.

"சித்திரையிலயே பாஞ்சாலியக்கா இத்தயேதான் கேட்டுச்சுண்ணே. இல்லக்கான்னு சொல்லிட்டேன்."