முக்கால் டாக்டர்

நோயாளியைக் கண்டால் ஓடி ஒளிகிற டாக்டர் தருமபுரி மாவட்டத்திலேயே ஒருவர்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மேன்ஷனில் என் அடுத்த அறைக்காரர். ஏரியூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கிர்கிஸ்தானில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவர்.

நான் குடிபோனபோது அவருக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க ஒரு பரீட்சை தேற வேண்டும். அவர் ஐந்தாவது முறையாக அதற்குப் படித்துக்கொண்டிருந்தார். கேள்விக்கு நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் மனிதருக்கு ரத்தத்தில் கலந்துவிட்டது. மெஸ் அக்கா, "என்னா சாப்புடறீங்க?" என்றால், "ஆப்ஷன் சொல்லுங்க" என்பார்.

"இட்லி, தோசை, பொங்கல், உப்புமா."

கண்ணை மூடிக்கொள்வார். "உப்புமா இருக்காது. பொங்கலும் இல்ல..." அவர் முடிவுக்கு வருவதற்குள் மற்றதெல்லாம் தீர்ந்து உப்புமாதான் மிஞ்சும். "பாத்தீங்களா, சரியான விடைய முதல்லயே தள்ளிட்டேன்" என்று சோகமாகச் சாப்பிடுவார்.

அந்த முறையும் சில மார்க்கில் போயிற்று. "எந்தக் கேள்வி தப்புன்னாவது சொல்லலாமில்லீங்க? அதுவும் சொல்ல மாட்டாங்க. இங்க படிச்சவங்களுக்கு இந்தப் பரீட்சையே இல்ல. நாங்க மட்டும் என்னா மாட்டு வைத்தியமா படிச்சிட்டு வந்தோம்?" என்றார்.

தேறாமல் வைத்தியம் பார்த்தால் போலி டாக்டர் என்று உள்ளே தள்ளிவிடுவார்களே என்ற பயம் அவருக்கு. யாராவது இருமினால் கதவைச் சாத்திக்கொள்வார். ஊரிலிருந்து வந்த அப்பா முட்டி வலிக்கிறது என்றதற்கே, "ஆஸ்பத்திரியில சீட்டு போடுங்கப்பா" என்றார்.

"அப்புறம் நீ எதுக்கு கண்ணு படிச்ச?" என்று பெரியவர் கேட்டார். அன்று முழுக்க இவர் சாப்பிடவில்லை.

ஆறாவது முறை தேறினார். உடனே 'முக்கால் டாக்டர்' என்று பதவி உயர்வு கொடுத்தோம். மீதிக் காலுக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்க வேண்டும்; அது முடியும்வரை வைத்தியம் பார்க்கக் கூடாது. கொரோனா காலத்தில் ஆன்லைனில் படித்ததால் கூடுதலாக ஒரு வருடம் என்றார்கள். அதற்கும் இடம் காலியில்லை, காத்திருங்கள் என்றார்கள். காத்திருப்பதில் அவர் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்.

அப்படி ஒரு ஞாயிறு காலை எனக்கு நெஞ்சு வலித்தது. வாயு என்று நினைத்து சோடா குடித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவர் ஆப்ஷனெல்லாம் கேட்கவில்லை.

"வாயு இல்லீங்க, ஹார்ட்டு. எந்திரிக்காதீங்க." அடுத்த நிமிடம் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். வழியெல்லாம் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர், "கரெக்டான நேரத்துல கொண்டாந்துட்டீங்க. நீங்க யாரு?" என்றார்.

"பக்கத்து ரூமுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. படுத்தபடியே, "அவரு டாக்டருங்க" என்றேன்.

முக்கால் டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. "சார், உங்களுக்குப் புண்ணியமா போவுது, என்னைய மாட்டி வுட்டுராதீங்க" என்று என் காதில் கெஞ்சினார். நெஞ்சு வலியை நான் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

பிறகு எனக்குச் சேலத்துக்கு மாற்றலானது. அவருக்கு இன்னும் இடம் வந்திருக்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவர் ஜன்னல் வழியாகக் கை குலுக்கினார். இரண்டு விரல் மட்டும் நைசாக என் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் எண்ணி முடிக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.