பதினாறாம் தேதிப் பேப்பர்

பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. ஒரு மழைக்கால இடியில் அதன் மிஷின் கருகியது. மிஷினைத் தின்றது போக மிச்சமிருந்த மின்னல் கடைக்காரர் விஜயதாஸ் அண்ணனுக்குள் இறங்கியதாக ஊர் நம்பியது. அன்று முதல் அவர் ஆதாரத் தீர்க்கதரிசி.

எந்த ஆய்வுத் தலைப்பைக் கொடுத்தாலும் சரி. தாளை நெற்றியில் ஒற்றிக் கண்ணை மூடுவார். உடம்பு ஒரு உலுக்கு உலுக்கும். பிறகு பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம், புள்ளிவிவரம் எல்லாம் மளமளவென்று வரும். நூலகத்தில் ஆறு மாதம் தின்ன வேண்டிய தூசியை அவர் ஆறு நிமிடத்தில் துடைத்துவிடுவார். தலைப்பு கையால் எழுதியதாக இருக்க வேண்டும். டைப் செய்த தாளில் அருள் ஒட்டாது. முழு எண்ணுக்கு ஒரு காணிக்கை, தசமத்துக்கு இரண்டு. எழுபது சதவீதத்தைவிட எழுபத்திரண்டு புள்ளி நான்கு சதவீதத்துக்கு ஆவி கூடுதலாக உழைக்க வேண்டுமல்லவா?

மார்த்தாண்டத்திலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் ஆய்வு மாணவர்கள் வந்து குவிந்தார்கள். முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஒரு பேராசிரியரும் வரிசையில் நின்றார். இதுவரை ஒருவரும் மாட்டிக்கொண்டதில்லை. அடிக்குறிப்புகளைப் பரிசோதகர்கள் எண்ணுவார்கள், படிக்கமாட்டார்கள். படிக்காத பொய் எங்கே மாட்டும்?

ஒரு வியாழக்கிழமை அந்த வரிசையில் பின்சி நின்றாள். பொழியூர்க்காரி. அப்பா சிலுவைதாசன் கடலுக்குப் போகிறவர். அவர் கட்டிய வீட்டை இரண்டு மழைக்காலத்துக்கு முன் அதே கடல் எடுத்துக்கொண்டது. குடும்பம் இப்போது திருப்புறத்தில் வாடகை அறையில் இருக்கிறது. கடலரிப்பைப் பற்றித்தான் அவளுடைய எம்.ஏ. ஆய்வு. கரை நெடுக நடந்து, போன வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணியிருந்தாள்: அறுபத்து மூன்று. வழிகாட்டி ஷியாமளா டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். நீ நடந்தது ஆதாரமாகாது, அச்சில் வந்ததோ அரசாங்க ஏட்டில் உள்ளதோ வேண்டும், திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு என்றார். அவளுடைய வீடு இருந்ததே அந்த அத்தியாயத்தில்தான். இணையத்தில் தேடினாள், கடலைப் பார்த்த விடுதிகளின் வாடகை விவரம் ஏராளமாகக் கிடைத்தது.

துணைக்கு வகுப்புத் தோழன் ஜித்தின் வந்திருந்தான். பிளஸ் டூ முதல் விடியற்காலையில் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவன். பாக்கித் தூக்கத்தை வகுப்பில் தூங்குவான். வரிசையில் நின்றபடியே இப்போதும் தூங்கிக்கொண்டிருந்தான்.

பின்சியின் முறை வந்தது. தாள் நெற்றிக்குப் போனது. உலுக்கல். வரிசை கை கூப்பியது.

"எழுதிக்கோ மக்கா. பொழியூரிலே கடல் கொண்ட வீடு நாப்பத்தொண்ணு. தென்கரைச் செய்தி பத்திரிகை, போன வருஷம் ஆகஸ்ட் பதினாறு, ஏழாம் பக்கம்."

பின்சியின் பேனா நின்றது. நாற்பத்தொன்று என்றால் மிச்சம் இருபத்திரண்டு வீடுகள் என்ன ஆயின? கடல் திருப்பிக் கொடுத்துவிட்டதா? அதில் தன் வீடும் உண்டா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்தில் தூக்கம் கலைந்தது.

"அண்ணா, எந்த தேதி சொன்னிய?"

"ஆகஸ்ட் பதினாறு. பெரிய நாளுக்கு மறுநாளு பெரிய செய்தி வரும் மக்கா. பக்கத்தை இந்தக் கண்ணாலே கண்டாச்சு. மை மணம்கூட மூக்கிலே உண்டு."

"அந்தப் பக்கத்திலே வேற என்ன உண்டு?"

தீர்க்கதரிசி மறுபடி கண்ணை மூடினார். மேலே தங்கத்தின் விலை இருந்ததாம். கீழே நெய்யாற்றின்கரையில் யாரோ கர்த்தருக்குள் நித்திரை அடைந்த அறிவிப்பாம். வரிசை சிலிர்த்தது.

ஜித்தின் கொட்டாவி விட்டான். "ஆகஸ்ட் பதினஞ்சு பிரஸ்ஸுக்கு லீவாக்கும். பதினாறாம் தேதி இங்க ஒரு பேப்பரும் வராது. வருஷத்திலே நான் எட்டு மணி வரை உறங்குற நாளு அண்ணா அது. அண்ணைக்கு நித்திரை அடைஞ்சது நான் மட்டும்தான்."

கூப்பிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அங்கே நின்ற எல்லாருக்கும் இது தெரிந்த விஷயம். விடுமுறைக்கு மறுநாள் வாசலுக்குப் போய், பேப்பர் இல்லாமல் திரும்பிவந்து, வெறும் சாயா குடித்தவர்கள்தான் எல்லாரும். தெரிந்ததையெல்லாம் செருப்போடு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மெல்லப் பைகளிலிருந்து துண்டுச் சீட்டுகள் வெளியே வந்தன. ஒருவனுக்கு ஜனவரி இருபத்தேழு. இன்னொருத்திக்குத் திருவோணத்துக்கு மறுநாள். எல்லாம் பெரிய நாளுக்கு மறுநாள். ஒன்றிலும் பேப்பர் கிடையாது. பேராசிரியரின் கைக்குட்டை இன்னும் மேலே ஏறிக் கண்ணையும் மூடியது. அவருடைய புத்தகம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது.

அது தேவலோகப் பதிப்பு என்று விஜயதாஸ் அண்ணன் சொல்லிப் பார்த்தார். அப்படியென்றால் சந்தாவை அங்கேயே கட்டிக்கொள்ளுங்கள் என்றான் ஜித்தின். அப்போதும் வரிசையின் கடைசியில் நின்ற ஒருவன் விடவில்லை. "அப்போ எனக்கொரு பதினேழாம் தேதி தருவேளா அண்ணா?"

பின்சி அதற்கு மேல் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை கிராம அலுவலகத்தில், நிவாரணத்துக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். ஐம்பத்தெட்டு வீடுகள். சனிக்கிழமை நூலகத்தில் பழைய தாள்களைத் தும்மித் தும்மிப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தின் மூலையில் விரலளவு செய்தி, அதிலும் ஐம்பத்தெட்டு. தன் கணக்கோடு ஒத்துப் பார்த்தாள். விடுபட்ட ஐந்தும் பட்டா இல்லாததால் விண்ணப்பிக்க முடியாத வீடுகள். ஐந்தில் ஒன்று அவளுடையது.

இரண்டு எண்களையும் எழுதினாள். ஐந்து வீட்டுக்காரர்களின் பெயரையும் எழுதினாள். அடிக்குறிப்பில் கிராம அலுவலகத்தின் கோப்பு எண், பத்திரிகையின் தேதி, அதன் கீழே ஒரு வரி: "சந்தேகம் உள்ளவர்கள் பொழியூருக்கு வந்து எண்ணிப் பார்க்கலாம்." ஷியாமளா டீச்சர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அடிக்குறிப்பைப் படித்தார். அத்தியாயம் தப்பியது.

விஜயதாஸ் அண்ணன் புது ஜெராக்ஸ் மிஷின் வாங்கிவிட்டார். இப்போது உள்ளதை உள்ளபடி எடுத்துக் கொடுக்கிறார். கடையில் ஒரு ஆள் இல்லை. இல்லாததைக் கொடுத்தபோது வரிசை ரயில் நிலையம் வரை நின்றது. கண்ணை மூடிச் சொன்னவரைக் கும்பிட்ட மகாஜனங்களே, கண்ணைத் திறந்து ஒரு காலண்டரைப் பார்க்க உங்களுக்கு எவ்வளவு காணிக்கை வைக்க வேண்டும்?