திமிங்கிலத்தின் விலாசம்

மனித குலத்தின் எடைக் குறைப்பு வரலாற்றில் அந்த அனிமேஷன் நிறுவனத்து மேலாளரின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். மற்றவர்கள் தொந்தியைக் குறைத்தார்கள். அவர் திமிங்கிலத்தையே குறைத்தார்.

திமிங்கிலம் அங்கே வேலை பார்த்த வரைகலைக்காரியுடையது. ஒரு வருடமாகக் கண் எரிய எரிய வரைந்து, அதைக் கடலில் நீந்தவிட்டிருந்தாள். வாடிக்கையாளர் பார்த்துத் தலையாட்டினால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

எல்லாருடைய வேலையும் போய்ச் சேரும் பொதுக் கணினிக் களஞ்சியத்துக்கு மறதி என்பதே கிடையாது; எது மாறினாலும் பழையதையும் வைத்துக்கொண்டு புதியதையும் சேர்த்துக்கொள்ளும். எழுத்து என்றால் மாறிய வரியோடு விட்டுவிடும். படம் என்றால், வாலில் ஒரு புள்ளி மாறினாலும் முழுத் திமிங்கிலத்தையும் மறுபடி விழுங்கும். தின்று தின்று ஊதிப்போய், காலையில் திறந்தால் மதியம்தான் அசைந்து கொடுத்தது.

மேலாளர் 'உயர்மட்ட ஆலோசனை' கூட்டினார். வரைகலைக்காரிதான் வழி சொன்னாள். பழையது, புதியது என்று எல்லாப் பெரிய கோப்புகளையும் தனிக் கிடங்குக்கு மாற்றிவிட்டு, அவை இருக்கும் இடத்தைச் சொல்லும் மூன்று வரிச் 'சுட்டி'யை மட்டும் களஞ்சியத்தில் வைக்கலாம் என்றாள். அப்படியே செய்தார்கள். களஞ்சியம் இளைத்தது, மேலாளருக்கு விருது கிடைத்தது.

விருது வாங்கியவருக்குக் கை சும்மா இருக்குமா? 'சிக்கன வாரம்' அறிவித்து, அவரவர் கணினியில் இருந்த பிரதிகளை முதலில் கழித்தார். அடுத்துக் கிடங்குக்கு வந்து, எல்லாம்தான் களஞ்சியத்தில் இருக்கிறதே, இங்கே எதற்கு 'இரண்டாவது நகல்' என்று கேட்டார். அவள் பதறிப்போய் ஓடிவந்தாள்.

"சார், களஞ்சியத்துல இருக்கிறது வெறும் விலாசம். வீடு இங்கதான் இருக்கு."

"விலாசம் கையில இருந்தா வீட்டுக்குப் போயிடலாமேம்மா."

"வீட்டை இடிச்சுட்டா?"

"இடிச்சாலும் விலாசம் மாறாது" என்றபடி பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார்கள். திரையில் மூன்று வரிகள் தெரிந்தன. திமிங்கிலம் எங்கே என்று அவர் கேட்க, எங்கே என்பதைத்தான் துல்லியமாகப் போட்டிருக்கிறோம் என்றார் மேலாளர். அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை.

"இதுக்கு யாரு பொறுப்பு?" என்றார் வாடிக்கையாளர்.

மேலாளர் தயங்கவே இல்லை. கிடங்கை அழித்த அதே சுட்டுவிரலை நீட்டி வரைகலைக்காரியைக் காட்டினார். நிறுவனத்தின் மற்ற சுட்டிகளைப் போலவே, அது காட்டிய இடத்திலும் தேடிய பொறுப்பாளி இல்லை.